சீட்டில் ஐம்பத்திநாலு கிலோ

என் ரேஸ்காரிக்கு,

உன் காரோட முன்சக்கரத்தை நம்ம ஷெட்டுலயே சரிபண்ணிட்டு இருக்கேன். காருக்கு ரெண்டு பக்கமும் நூல் கட்டி, சக்கரம் எவ்வளவு திரும்பி நிக்குதுன்னு அளக்கணும். நூலைப் பிடிங்கன்னா உங்கப்பா ஆடிக்கிட்டே நிக்கிறார். "நீங்க கம்பமா, கொடியா?"ன்னு கத்திட்டேன். பாவம், நூலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார்.

ஓட்டுறவ எடை சீட்டுல இருந்தாத்தான் அளவு சரியா வரும். உனக்குப் பதிலா ஐம்பத்திநாலு கிலோ மணல் மூட்டைகளை வச்சு, பெல்ட்டும் போட்டுவிட்டேன். சிரிக்காதே. அளவு கச்சிதமா வந்துது.

நேத்து ஆஸ்பத்திரியில உன்னைப் பார்த்துட்டு வந்த உங்கப்பா, நேரா ஷெட்டுக்குள்ள போய் மூணு மூட்டையை இறக்கி வச்சார். "இப்ப அவ நாற்பத்தொண்ணு கிலோதான்"னார். டாக்டர் வேற என்ன சொன்னாருன்னு அவர் சொல்லலை, நானும் கேக்கலை.

மறுபடி அளந்தேன். அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஸ்டியரிங் கம்பியை லேசாத் திருகினா போதும். ஸ்பேனரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

கடைசியில மூட்டைகளைத் திரும்ப ஏத்தி, பழைய அளவுலயே நட்டை இறுக்கிட்டேன். ஐம்பத்திநாலு கிலோவுக்குத்தான் உன் கார் நேரா ஓடும்.

தட்டுல மிச்சம் வைக்காதே, தாயே.

அம்மா