அண்ணன் வந்து பறிக்க வேண்டிய வெள்ளரி

மார்ச் 4

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். விதை முளைக்கும் என்றேன், முளைத்தது. கொடி கம்பியைப் பிடிக்கும் என்றேன், பிடித்தது. அண்ணி கட்டிலை விட்டு எழுந்து வருவார் என்றேன். இன்று காலை வந்தார். தலை வாராமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு, பால்கனிவரைக்கும். கம்பியைச் சுற்றியிருந்த சுருளை விரலால் தொட்டு, "இது இவ்வளவு கெட்டியாப் பிடிக்குமா தம்பி" என்று கேட்டார். அண்ணன் இறந்துபோனபிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அது.

டாக்டரின் மாத்திரையால் ஆகாதது என் ஐந்து வாளி வெள்ளரியால் ஆயிற்று. விதை போட்டவன் அண்ணன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் பழைய பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் மட்கின இலையும் கலந்து நிரப்பி, விதையை ஊன்றியிருந்தான். மற்றதெல்லாம் நான். தண்ணீர் நான். கம்பி நான். வெயில்கூட நான் வாளியை நகர்த்தி வைத்ததால் கிடைத்த வெயில்.

மார்ச் 9

பாப்பா போன் செய்தாள். அண்ணன் மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், எனக்கு இன்னும் பாப்பாதான். "சித்தப்பா, அம்மாவை இங்க அனுப்பி வைங்க. அந்த வீட்டுல தனியா என்ன பண்றாங்க."

தனியாகவா? நான் ஒருத்தன் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், தனியாம்.

போனை அண்ணியிடம் கொடுத்தேன். அவர் சொன்னது: "காய் வரட்டும். உங்கப்பா வந்து பறிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

பாப்பா போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் கடைசியாகப் பேசியது என்னிடம். அண்ணி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். கட்டில் பக்கத்தில் நான் மட்டும். என் கையைப் பிடித்து, "வெள்ளரியைப் பார்த்துக்கடா. முதல் காயை நான் வந்து பறிக்கிறேன்" என்றான். இதை எத்தனை பேரிடம் சொன்னேனோ, கேட்டவர் ஒருத்தர் பாக்கியில்லாமல் கண்ணைத் துடைத்தார்கள். பஸ் கண்டக்டர் உத்தியோகத்தில் கூட்டத்தின் நடுவே நின்று பேசிப் பழகிய என் குரல் இல்லையா. முதல் தடவை சொன்னபோது கையை மட்டும்தான் பிடித்தான். சொல்லச் சொல்ல, சிரிக்கவும் செய்தான்.

மார்ச் 15

பூ. மஞ்சள் மஞ்சளாக. பூத்தது எல்லாம் உதிர்ந்தது. அண்ணி உதிர்ந்ததைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. "இதெல்லாம் ஆண் பூ அண்ணி. ஆம்பளைங்க முதல்ல வந்து வெட்டியா நின்னுட்டுப் போயிடுவாங்க. பொம்பளைப் பூ பின்னாலதான் வரும்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பிறகு போனில் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. என் நாக்கில் ஏதோ இருக்கிறது.

மார்ச் 17

பெண் பூ வந்தது. பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். வந்த மூன்றும் மஞ்சளாகிச் சுருங்கிவிட்டன. காரணத்தைக் கண்டுபிடித்தது நான் (சரி, போனில் ஒரு பெண் சொன்னாள், நான் புரிந்துகொண்டேன்). அண்ணன் பால்கனி முழுக்க அடித்து வைத்திருக்கும் கொசுவலை. தேனீ எப்படி வரும்? அப்படியானால் தேனீ வேலையை நான்தான் செய்ய வேண்டும். சின்ன பிரஷ். காலை வெயில் ஏறுவதற்குள், ஆண் பூவின் நடுவில் தடவி, அந்தத் தூளைப் பெண் பூவில் தடவ வேண்டும். கை நடுங்கக் கூடாது. என் கை நடுங்குமா?

எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் எட்டிப் பார்த்தான். அவனை எல்லாரும் ஃப்யூஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"என்ன மாமா, பூவுக்குக் கல்யாணமா?"

"இப்பத்தான்டா பொண்ணு பார்த்திருக்கோம். உனக்கு முன்னால அதுக்கு முடிஞ்சிடும் போலிருக்கு."

அண்ணி சிரித்தார். சத்தம் வரவில்லை, ஆனால் சிரித்தார்.

மார்ச் 21

ஒரு பிஞ்சு நின்றுவிட்டது. சுண்டுவிரல் அளவு. ஃப்யூஸிடம் முழங்கை அளவு என்று சொல்லியிருக்கிறேன். வளராமலா போகும்.

மார்ச் 23

மூலையில், மேல் கம்பியில் இன்னொன்று நின்றிருக்கிறது. அந்தப் பூவை நான் தொடவில்லை. எனக்கு எட்டாது.

வாளி மண்ணும் நான் ஊற்றுவதற்கு முன்பே ஈரமாக இருந்தது.

அண்ணன் என்னைவிட ஒரு சாண் உயரம்.

மார்ச் 24

விடிகிற நேரத்தில் பால்கனியில் பேச்சுக் குரல். எழுந்து போனேன். அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் என் பிரஷ். எதிரே அண்ணனின் முக்காலி. அதன் பக்கத்தில் இரண்டு டம்ளரில் டீ, ஒன்று ஆடை படிந்து அப்படியே.

"இதுவா, அதுக்கு மேலே இருக்கறதா?" என்று முக்காலியைப் பார்த்துக் கேட்டார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு முக்காலியின் ஓரத்தில் ஒரு கால் வைத்து ஏறி, நடுவில் மிதிக்காமல், மேல் கம்பிப் பூவில் தடவினார். நடுவில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா தம்பி. இப்பத்தான் வந்து உட்கார்ந்தாரு."

நான் பேய் பிசாசையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஆள் என்று எல்லாரிடமும் சொல்வேன். திரும்பி வந்து படுத்தேன், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு.

மார்ச் 27

அண்ணி நன்றாகச் சாப்பிடுகிறார். தலை வாருகிறார். மாத்திரை கேட்பதில்லை. பாப்பா சந்தோஷப்படுகிறாள். யாருக்கும் தெரியாதது: வாசல் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. நான் போட்டால் பின்னாலேயே வந்து எடுத்துவிடுகிறார். "அவர்கிட்ட சாவி இல்லையே தம்பி." அண்ணன் செருப்பைத் துடைத்து, வீட்டுக்குள் பார்த்தாற்போல் வாசலில் வைத்திருக்கிறார்.

செருப்பு சத்தம் எனக்கும் கேட்கிறது. மாடிப்படியில் ஏறி, நம் கதவு முன்னால் நின்றுவிடுகிறது. உள்ளே வருவதில்லை. அண்ணியைத் தேடி வந்தால் உள்ளே வரவேண்டியதுதானே. ஏன் நிற்கிறான்? யாரைப் பார்க்க நிற்கிறான்?

மார்ச் 31

முதல் காய் பறிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. கரும்பச்சை, ஒரு சாண் நீளம், முள்முள்ளாக. இன்று பறிக்காவிட்டால் முற்றும். முற்றின காயைக் கொடியில் விட்டால் கொடி மொத்தமும் நின்றுவிடும். வேலை முடிந்தது, விதை வந்தாயிற்று என்று அதற்குத் தோன்றிவிடுமாம். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமில்லை. சின்னப் பையனிடம் சொல்வதுபோல, "அவர் சொன்னதை நீங்கதானே தம்பி வந்து சொன்னீங்க" என்றார்.

ஆமாம். நான்தான்.

ஏப்ரல் 3

பாப்பா: "சித்தப்பா, அம்மா என்கிட்ட இன்னும் ரெண்டு நாள்ல அப்பா வந்துடுவாருன்னு சொல்றாங்க. சாதாரணமாச் சொல்றாங்க. வேலைக்குப் போனவர் வருவாருங்கற மாதிரி. எனக்கு பயமா இருக்கு. அப்பா நெஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாரும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 6

காய் தடித்து மஞ்சளாகிவிட்டது. மற்ற பிஞ்சுகள் வெம்பி விழுகின்றன. அடி இலையெல்லாம் காய்ந்து தொங்குகிறது. அண்ணி இன்னும் விடியும்போது எழுந்து இரண்டு டீ போடுகிறார், ஆனால் பேசுவதில்லை. முக்காலியையே பார்க்கிறார். "ஏன் லேட்டு பண்றீங்க" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

என்னடா பண்ணி வெச்சிருக்கேன் நான். அண்ணனைக் கொண்டுவந்த அன்னிக்கு வீடு நிறைய ஆளுங்க. அண்ணி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. ஒண்ணும் சொல்லலைன்னு எப்படிச் சொல்லுவேன்? ஜன்னல் வழியா வாளி தெரிஞ்சுது. ரெண்டு ரெண்டு இலையா முளைச்சு நின்னுச்சு. வாய் அதுபாட்டுக்குத் திறந்துடுச்சு.



ஏப்ரல் 8

இன்று காலை வாசல் கதவு தானாகத் திறந்தது.

நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு மெல்ல உள்ளே வந்தது, வாசலில் ஒரு ஆளின் நிழல். உள்ளேயிருந்து அண்ணி ஓடி வந்தார். பாதி வாரின தலை, கையில் சீப்பு. அந்த வயதில் ஒருத்தர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "இவ்வளவு நேரமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஃப்யூஸ் நின்றிருந்தான். "கதவு திறந்தே கிடக்கே, திருடன் கிருடன் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு பார்த்தேன் மாமா."

அண்ணியின் முகத்தை எழுத முடியவில்லை. எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிடுவேன். இதை முடியவில்லை.

ஃப்யூஸ் போனபிறகும் அவர் அங்கேயே நின்றார். பிறகு செருப்பைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்தார்.

ஏப்ரல் 9

சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அண்ணன் அப்படிச் சொல்லலை."

"எப்படி?"

"வந்து பறிக்கிறேன்னு. அது நானாச் சொன்னது. மூஞ்சியில மாஸ்க் இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசலை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உங்க கையைப் பிடிச்சாருன்னீங்களே."

"இல்லை அண்ணி."

"சிரிச்சாருன்னீங்களே."

"இல்லை."

"வெள்ளரியைப் பார்த்துக்கச் சொன்னது?"

"அதுவும் இல்லை."

"அப்போ இவ்வளவு நாளா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" இதை என்னிடம் கேட்கவில்லை. பால்கனிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அப்போ என்னதான் பண்ணினாரு? ஏதாவது பண்ணியிருப்பாரு இல்ல?"

"கதவைப் பார்த்துக்கிட்டே இருந்தான் அண்ணி. நீங்க வருவீங்கன்னு."

அவர் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸே வரலை தம்பி. துணிப் பையை வெச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தேன்." அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தபோது அழாத அழுகையை இன்று அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

சாயங்காலம் எழுந்து போய், கத்தரிக்கோலால் காயின் காம்பை நறுக்கினார். உலுக்கிப் பார்த்தார். "முத்திப்போச்சு" என்று குப்பைக் கூடையில் போட்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

ஏப்ரல் 13

ஒரு டம்ளர் டீ. எனக்குப் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 24

கொடி திரும்பப் பூக்கிறது. காய்ந்த இலையையெல்லாம் அண்ணியே கிள்ளிப் போட்டார். முக்காலி நடுவில் இரண்டு காலையும் ஊன்றி ஏறி நின்று மேல் கம்பிப் பூவுக்கு பிரஷ் போடுகிறார். இன்று நான்கு காய், எல்லாம் பிஞ்சுப் பதம். இரண்டை ஃப்யூஸுக்குக் கொடுத்தார். "மாமா சொன்ன முழங்கை அளவு காய் எங்கே?" என்றான். "அது உங்க மாமா வாயிலதான் காய்க்கும்" என்றார் அண்ணி. என்னிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் என் தட்டில் இரண்டு துண்டு நறுக்கி வைத்திருந்தார்.

பாப்பாவிடம் போனில் சொன்னார்: "நான் வரலை. நீ வந்து காய் எடுத்துட்டுப் போ." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா கடைசிவரைக்கும் கதவையே பார்த்துட்டிருந்தாராம். என்னைத் தேடியிருக்காரு" என்றார். அந்தப் பக்கம் பாப்பா அழுவது இங்கே எனக்குக் கேட்டது.

படிக்கட்டில் செருப்பு சத்தம் இன்னும் வருகிறது. கதவு முன்னால் நின்றுவிடுகிறது. அண்ணிக்குக் கேட்பதில்லை. எனக்கு மட்டும்தான்.

நான் ஆஸ்பத்திரி அறைக்குள் போனபோதே அவன் கண் மூடியிருந்தது. பிறகு திறக்கவில்லை. கதவைப் பார்த்தான் என்பதும் நானாகச் சொன்னதுதான்.