மாடி ரூம் டியூப் லைட்டுகளைக் கழற்றிய விவரம்

எதிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடும் என் அருமை ஏகாம்பரம் மாமாவுக்கு,

மச்சான் தனசேகர் எழுதுகிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் லெட்டர் எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். எழுத்துப் பிழையை உங்கள் மகன் சதீஷ் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கிண்டலில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. பிள்ளைப்பாக்கத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உங்கள் வீட்டுக்கு வடக்கே கடலைக்காய் போட்டிருந்த நிலத்தில் தகர ஷெட் ஒன்று எழும்பிவிட்டது, குடோனாம். கம்பெனி பஸ் இப்போதும் உங்கள் வாசலில் கொஞ்சம் வேகம் குறைத்துத்தான் போகிறது. டிரைவருக்குப் பழக்கம் விடவில்லையா, அங்கே இருக்கிற பள்ளம்தான் காரணமா?

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படம் வரைந்த மாடி ரூமை சதீஷ் வாடகைக்கு விடலாம் என்றான். ஒரகடத்தில் வேலைக்கு வந்திருக்கும் தூத்துக்குடிக்காரர்கள் நாலு பேர் கேட்டிருந்தார்கள். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. உங்கள் அம்சா, அதாவது என் அக்கா, மூன்று மாதமாக அந்த ரூமில் உட்கார்ந்து படம் வரைகிறாள்.

ஆமாம் மாமா. இத்தனை வருஷம் உங்கள் பிரஷ்ஷைக் கழுவிக் காய வைத்த கை. முதலில் ஒரு பூசணிக்காய் வரைந்தாள். அது உங்கள் பழைய சூப்பர்வைசர் மாதிரியே வந்திருந்தது, மீசை ஒன்றுதான் பாக்கி. எனக்குத் தெரிந்து அவருக்கும் அந்தப் பூசணிக்காய்க்கும் ஒரே சுபாவம்தான்.

ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த ரூமில் அவளால் இருக்க முடியவில்லை.

"கண்ணு கூசுதுடா தனசு. எதப் பாத்தாலும் பளபளன்னு கீது. கலரு எது, வெளிச்சம் எதுன்னே தெரில," என்றாள். "இந்த ஞாயித்துக்கிழமை வந்து லைட்ட சரி பண்ணு. சரியா வந்துச்சுன்னா ரூம் எனக்கு. இல்லாங்காட்டி அந்தப் பசங்களுக்கு வுட்டுட்டு, நான் கீழ டிவி பாத்துகினு கெடக்கறேன்."

அக்கா முகம் உங்களுக்குத் தெரியாததா? அதைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் டிவி என்று சொன்னபோது, துடைத்து முடித்த பிரஷ்ஷையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த லைட்டுகளைப் போட்டது யார்? நான். போடச் சொன்னது யார்?

கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் செக்கிங் வேலை பார்த்தவர் நீங்கள். பெயின்ட் அடித்த வண்டி, சுரங்கம் மாதிரி ஓர் இடத்துக்குள் வரும். இரண்டு பக்கமும் டியூப் லைட் வரிசை. நீங்கள் பார்ப்பது பெயின்ட்டை அல்ல, பெயின்ட்டில் கோடு கோடாகத் தெரியும் அந்த லைட்டை. கோடு எங்கே நெளிகிறதோ அங்கே குறை. உடனே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். இதைப் பார்த்துப் பார்த்து, கல்யாணத்துக்குப் போனாலும் பெண்ணைப் பார்க்காமல் பெண் வந்து இறங்கின காரைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

"கம்பெனி லைன்ல இருக்கற மாரியே வூட்லயும் போட்டுக் குடு மச்சான். குறை தெரிஞ்சாதான வேலை சுத்தமா இருக்கும்?" என்றீர்கள். போட்டேன். இந்தச் சுவரில் ஆறு, அந்தச் சுவரில் ஆறு. முதல் தடவை ஸ்விட்சைத் தட்டினபோது, "இன்னா மாமா, படம் வரையப் போறீங்களா, ஆப்பரேசன் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள்.

வாய் நிறையக் கிண்டல் பண்ணினேனே தவிர, இது சரிப்படாது மாமா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் போட்டவன், உங்களிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியோடு போனேன். சதீஷ், ரூம் பார்க்க வந்த தூத்துக்குடிக்காரர் ஒருவரையும் அதே நேரத்தில் மேலே கூட்டி வந்துவிட்டான். அவர் பன்னிரண்டு லைட்டையும் அண்ணாந்து பார்த்தார்.

"ஏ அண்ணாச்சி, ஷிப்டு முடிஞ்சு தூங்க வந்தா மறுபடியும் லைன்ல நிக்க மாதிரில்லா இருக்கும்!"

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

உங்கள் படங்கள் பதினொன்றும் சுவரோரம் இருந்தன. ஒன்றில்கூட உங்கள் பெயர் இல்லை. குறையெல்லாம் தீர்ந்த பிறகு போடலாம் என்பீர்கள், தீர்ந்ததே இல்லை. எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர். வல்லக்கோட்டைக் கோயில் குளம் வரைந்தீர்களே, அந்தத் தண்ணீரில் மட்டும் முப்பத்தோரு ஸ்டிக்கர். குளத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

கழற்றுவதற்காக மெயினை நிறுத்தினேன். வடக்கு ஜன்னல் வெளிச்சம் மட்டும் ரூமுக்குள் இருந்தது. அக்கா குளத்தின் முன்னால் நின்றாள்.

"தனசு, இங்க வா. இந்த ஸ்டிக்கர்லாம் எதுக்கு ஒட்டிகீது?"

போய்ப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. எங்கேயும் ஒன்றும் இல்லை.

"லைட்டப் போடு," என்றாள்.

போட்டேன். அவள் உங்கள் ஸ்டூலில் ஏறினாள். உங்களைவிடக் குள்ளம் அல்லவா, ஒரு தலையணையை அடியில் போட்டுக்கொண்டாள். அவள் கண் உங்கள் கண் இருந்த உயரத்துக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கர் பக்கத்திலும் ஒரு பொட்டு வெளிச்சம் வந்து நின்றது. ஆயில் பெயின்ட் மேடு மேடாக இருக்கிற இடத்திலெல்லாம் டியூப் லைட் மின்னியது. நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன், பொட்டுகள் போய்விட்டன. போடச் சொன்னாள், வந்துவிட்டன. பிறகு அவள் தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தாள்.

"தோ பார்டா. நான் ஆடுனா அதுவும் ஆடுது."

ஏணியை விட்டு வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நானும் பார்த்தேன். மினுமினுப்பு நகர்ந்தது. ஸ்டிக்கர் அங்கேயே நின்றது.

அப்போதுதான் புரிந்தது மாமா. நீங்கள் குறை என்று ஸ்டிக்கர் ஒட்டினது படத்துக்கு அல்ல, நான் போட்ட லைட்டுக்கு. ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெயின்ட் வைப்பீர்கள். அது இன்னும் மேடாகும், இன்னும் நன்றாக மின்னும், இன்னொரு ஸ்டிக்கர் வரும். காருக்குச் சரியான கண், குளத்துக்குத் தப்பான கண். அதற்கு விளக்குப் பிடித்தவன் நான்.

"இத்தினி வருசமா லைட்டத் திட்டாம படத்தத் திட்டிகினு இருந்துகீறாரு மனுசன்," என்றாள் அக்கா.

"லைட்டு நீ போட்டதுதான மாமா?" என்று சதீஷ் என்னைக் கேட்டான்.

நான் டெஸ்டரைத் தேடினேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பன்னிரண்டில் பதினொன்றைக் கழற்றினேன். அக்கா இடது கைக்காரி. வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வந்தால்தான் கை நிழல் படத்தில் விழாது. அதனால் ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன், ஜன்னல் அவள் வலப்பக்கம் வந்தது. பகலில் அதுவே போதும். ஆனால் பதினோரு மணிக்கு மேல் அந்தக் குடோன் தகரத்தில் வெயில் பட்டு உள்ளே அடிக்கிறது. அக்கா பீரோவைத் திறந்து உங்கள் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து வந்து ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினாள். வெயில் பால் மாதிரி இறங்கியது. நான் அதற்கென்று ஸ்கிரீன் வாங்க நினைத்திருந்தேன், இதற்குமேல் நல்ல ஸ்கிரீன் கிடைக்காது.

சாயங்காலத்துக்கு இரண்டு எல்.இ.டி. லைட். மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் நடு வெள்ளை. வலது பக்கம் நல்ல உயரத்தில் சாய்த்து வைத்தேன், மினுமினுப்பு தரையில் விழும், கண்ணுக்கு வராது. பல்பு வாங்க ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு தக்காளியோடு போனேன். தெருவில் எந்தச் சிவப்போ பல்புக்குக் கீழேயும் அதே சிவப்பாகத் தெரிய வேண்டும் அல்லவா? ஏழாவது பல்பில்தான் தக்காளி தக்காளியாகத் தெரிந்தது. கடைக்காரர், "சார் கல்யாணச் சமையல் எடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது அக்கா குளத்துத் தண்ணீரில் இருந்த ஸ்டிக்கர்களை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து முடித்திருந்தாள். அடுத்து நீங்கள் என் முகத்தை வரைந்த படத்தை எடுத்தாள். என் மொட்டைத் தலையில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீர்கள். வேட்டி வழியாக வந்த வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது லைட்டு தப்பு இல்லடா. உம் மண்டையே அப்படித்தான்," என்று அந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கத்தரிக்காயை ஆரம்பித்தாள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. எழுந்திருக்கவே இல்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு என் வீட்டு மாடியைக் கொடுத்துவிடு என்று சதீஷிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் படங்களில் பெயர் போடலாமா என்று சதீஷ் கேட்டான். அவர் போடாததை நாம் போட வேண்டாம் என்றாள் அக்கா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பன்னிரண்டாவது டியூப் லைட்டைக் கழற்றவில்லை மாமா. இடது சுவரில் உங்களுக்காக விட்டு, தனி ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். உங்கள் திதி அன்று, அக்கா அதுவரை வரைந்ததையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அதைப் போடுவேன், இது சத்தியம். வந்து நன்றாகச் செக்கிங் பண்ணுங்கள். ஆனால் ஸ்டிக்கரை எடுக்கும் முன்னால் தலையை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். கூடவே ஆடுகிற குறையெல்லாம் என்னுடையது. ஆடாமல் நிற்பது மட்டும்தான் அக்காவுடையது.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
வேண்டாம் என்று சொல்லத் தெரியாத உங்கள் மச்சான்,
ஒயர்மேன் தனசேகர்