நடுமேட்டுக் குப்பத்தின் முறைநாள்

நடுமேட்டுக் குப்பம்
3.1.2025

திவ்யா நைனாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகள் திவ்யாவும் நலம். போனில் பேசினால் "டூட்டிமே" என்று வைத்துவிடுகிறீர்கள். கடுதாசி என்றால் படித்துத்தானே ஆகணும்!

நேற்று கோயில் முன்னால் இரண்டு குப்பத்துக்கும் பஞ்சாயத்து. இறால் கம்பெனி வண்டி கரைக்கே வந்து நின்ற காலத்தில் நம் ஊரில் அறுபத்திரண்டு வீடு. ஓலையைப் பிரித்துத் தளம் போடாதவர் கிடையாது. இன்றைக்குப் பூட்டுத் தொங்காதது பதினொன்று. ஏரியில் நாம் வலை விடுகிற முறைநாளில் இரண்டு தடவையாக ஒரு படகும் இறங்கவில்லை. மூன்றாவதும் தவறினால் அந்த நாளை அக்கரைக் குப்பம் எடுத்துக்கொள்ளுமாம். அவர்கள் ஊர்த்தலைவர், நாட்டார் கண்ணப்பன் சிரித்துக்கொண்டே கேட்கிறார், "ஆம்பளயே இல்லாத ஊருக்கு ஏரி எதுக்குமே?" முறைநாளும் போனால் இது ஊரா, வெறும் மணல்மேடா?

பொங்கல் கழித்து சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி. லீவு சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வலையில் பொத்தலெல்லாம் தைத்து வைக்கிறேன்.

உங்கள் ஹேமாவதி

மீஞ்சூர்
9.1.2025

அன்புள்ள ஹேமா,

நான் காண்ட்ராக்ட் ஆள். பொங்கலுக்கு ஒரு நாள்தான் லீவு. சனிக்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது. கடல் தண்ணீர் ஏறாத ஏரிக்கு இறால் எந்த வழியாக வரும்? போன வருஷம் பகல் முழுக்கக் கிடந்து நாலு நண்டோடு வந்தேனே, மறந்துவிட்டாயா?

ஸ்டேஷன் பக்கம் வீடு பார்த்துவிட்டேன். குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. திவ்யாவுக்குப் பொன்னேரி காலேஜ் இரண்டாவது ஸ்டேஷன். படகை விற்றுவிட்டு வந்து சேர். செத்த ஊருக்கு நாம் எதற்குக் காவல்?

ராஜேந்திரன்

நடுமேட்டுக் குப்பம்
20.1.2025

திவ்யா நைனாவுக்கு,

நீங்கள் வரவில்லை. ஆனால் வலை இறங்கியது.

நானும், உங்கள் ரூம் முத்துராஜ் பெண்டாட்டி சுதாவும், எதிர்வீட்டு இந்திராணி அக்காவும் போனோம். கழி ஊன்றிப் படகைத் தள்ளியது நான். கண்ணப்பன் படகைக் குறுக்கே விட்டார். "பொம்பளைங்க முறைக்கு வரக்கூடாது."

"முறை ஆம்பளைக்கா, தலைக்கட்டுக்கா?" என்றேன்.

"தலைக்கட்டுக்குத்தான்."

"என் வீட்ல வெளக்கு ஏத்தறது நானு. அப்ப நான்தான் தலைக்கட்டு. வழிய விடுங்க."

படகை விலக்கிக்கொண்டார். ஆனால் மறுநாள் இரண்டு குப்பத்துக்கும் பொதுவான பஞ்சாயத்து நோட்டோடு வந்துவிட்டார். "வூட்டுக்கு ஒரு பேருதான். உன்னுத எழுதணும்னா அவன்துல கோடு போடணும். நல்லா யோசிச்சுக்க."

"பேனாவக் குடுங்க" என்றேன். உங்கள் பேர் மேல் நானே கோடு போட்டேன். கல்யாணமான வருஷம் எழுதின பேர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "ஏம்மா, நைனாவ வேணாம்னுட்டியா?" என்று திவ்யா கேட்டாள். ஊரை விடமாட்டேன் என்றுதான் சொன்னேன்டி என்றேன்.

இறால் அரைக் கூடைகூட இல்லை. நீங்கள் சொன்னது சரிதான். ஆனாலும் மீஞ்சூருக்கு வரமாட்டேன். படகையும் விற்கமாட்டேன். அடுத்த முறை பிப்ரவரி ஒன்று.

ஹேமாவதி

மீஞ்சூர்
27.1.2025

தலைக்கட்டு ஹேமாவதிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் கை வந்தது. இரண்டு நாள் அதையே எடுத்து எடுத்துப் படித்தேன். ரூமில் முத்துராஜ் என்னவென்று பிடுங்கியெடுத்தான், படித்துக் காட்டினேன். "அய்யோ, சுதா என் பேரையும் அடிச்சுட்டாளா பாருண்ணா!" என்று பதறினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகையும் வந்தது. அந்தக் கண்ணப்பன் முன்னால் நான் நின்றிருக்க வேண்டும். நீ நின்றிருக்கிறாய்.

மீஞ்சூர் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றாம் தேதிக்கு ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன். தராவிட்டாலும் வருகிறேன்.

நம் படகு இடப்பக்கம் இழுக்கும். அழுத்தி ஊன்றாதே, தோள் போய்விடும். கழியை நீயே வைத்துக்கொள். வலை விட உன் படகில் ஒரு ஆளுக்கு இடமிருந்தால் எழுது.

இப்படிக்கு,
வலை பிடிக்கிற ஆள்
ராஜேந்திரன்