சுவரொட்டியில் அறிவித்த கருப்புக் குதிரையைச் சுட்டுக் கொன்றது குறித்து

அனுப்புநர்:
டோம்கே கெட்டெல்சன்,
பால் கறக்கும் தொழிலாளி,
ஹார்ம்ஸ்கோக் கிராமம், வட ஃப்ரீஸ்லாந்து.

பெறுநர்:
உயர்திரு அரசு வழக்கறிஞர் அவர்கள்,
ஃப்ளென்ஸ்பர்க்.

பொருள்: என் கணவரின் கண்ணைப் பறித்தவர்கள் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ப் பண்ணையார் டெட்லெஃப் லோரென்சனின் பொலிகாளை செப்டம்பர் புயலில் வேலியை உடைத்து வெளியேறி, தபால்காரரின் தொடையைக் கிழித்தது. காவலர்கள் அதைச் சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சிய பண்ணையார், தேவாலயக் கதவிலும் பால் நிலையத்திலும் மதுக்கடையிலும் சுவரொட்டி ஒட்டினார்: "காளையை உயிருடன் கொண்டுவந்து சேர்ப்பவர் யாராயினும் என் கருப்புப் பெண்குதிரை அவருக்கே."

2. என் கணவர் ஓக்கே கடலணை வேலையாள். எங்களிடம் குதிரை இருந்ததில்லை. வண்டியை நாங்களே இழுத்தோம். சினைப்பருவத்திலிருந்த எங்கள் பசுவை நான் அணையோரம் நடத்திச் சென்றேன். காளை பின்தொடர்ந்து வந்தது. அதன் மூக்கு வளையத்தில் ஓக்கே கொக்கிக் கழியை மாட்டிய நொடியில், அது அவரைத் தூக்கி அணையோர வேலியின் வாயிற்கதவில் அடித்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியும் அவர் கழியை விடவில்லை. "புடிடி டோம்கே, விட்டா ரெண்டு பேரையும் கொன்னுடும்!" என்று கத்தினார். நானும் பிடித்தேன்.

3. காளையைப் பண்ணையில் கட்டிய பிறகு குதிரையைக் கேட்டோம். லோரென்சன் சிரித்தார். "குதிரையா? அது ஊருக்குப் பொதுவா போட்ட கூப்பாடு. உன் பேரு அதுல இருக்கா? உனக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனா? நேத்தே மதுக்கடையில, அதெல்லாம் கிடையாதுன்னு சொல்லிட்டேனே!" என்றார். நாங்கள் காளையோடு தேவாலயத்தைக் கடந்தபோதும் கதவில் சுவரொட்டி இருந்தது.

4. "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஓக்கே முற்றத்தில் நின்ற குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தார். பண்ணையாரின் மகன்கள் ஹாரோவும் மொம்மேவும் அவரைக் கீழே தள்ளினார்கள். முறிந்த விலாவிலேயே மிதித்தார்கள். வைக்கோல் கவையின் காம்பால் ஹாரோ என் கணவரின் முகத்தில் அடித்ததில் அவருடைய இடது கண் போயிற்று. நான் கொக்கிக் கழியை வீசி ஹாரோவின் தோளெலும்பை உடைத்தேன். அதை மறைக்கவில்லை; அடிக்காமல் இருந்திருந்தால் இன்று விதவையாக எழுதிக்கொண்டிருப்பேன்.

5. அப்போது லோரென்சன் வீட்டுக்குள் சென்று துப்பாக்கியோடு வந்தார். எங்களைத்தான் சுடப்போகிறார் என்று நினைத்து ஓக்கேயின் மேல் விழுந்து மறைத்தேன். ஆனால் லோரென்சன் துப்பாக்கியைக் குதிரையின் காதில் வைத்துச் சுட்டார். "இந்தா, உன் குதிரை. இழுத்துட்டுப் போடி" என்றார். அதன் இரத்தம் என் முதுகில் சூடாக விழுந்தது.

6. ஊர்க் காவலர் ஹாரோவின் தோளுக்கு மட்டும் புகார் பதிந்தார். எங்களிடம், "குடிகாரச் சண்டைக்கெல்லாம் காகிதம் கிடையாது, போம்மா" என்றார். நாங்கள் இருவரும் அன்று தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை.

7. ஹூசும் நகர வழக்கறிஞர் ஒருவர் சிவில் சட்டத் தொகுப்பின் 657, 658-ஆம் பிரிவுகளைப் படித்துக் காட்டினார். ஊரறிய விளம்பரம் செய்து பரிசு அறிவித்தவர், பேர் தெரியாத எவர் அதைச் செய்து முடித்தாலும் கட்டுப்பட்டவர். திரும்பப் பெற வேண்டுமானால், செயல் முடியுமுன்பே, அறிவித்த அதே வழியில் அறிவிக்க வேண்டும். அல்லது செய்பவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். மதுக்கடையில் உளறியது செல்லாது. அந்த வழக்கைச் சிவில் நீதிமன்றம் பார்க்கும். கண்ணுக்கும் மிதிக்கும் தாங்கள்தான் கேட்க வேண்டும்.

8. எனவே லோரென்சன் மீதும் அவர் மகன்கள் மீதும் வழக்குத் தொடர்ந்து, துப்பாக்கியைக் கைப்பற்றி, எங்கள் வாக்குமூலத்தை வெளியூர் அதிகாரியைக் கொண்டு பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.

குதிரை இறந்தபோது ஓக்கே நினைவிழந்து கிடந்தார். மருத்துவமனையில் கண் விழித்ததும், "அதுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டார். காட்டினேன் என்று சொல்லிவிட்டேன். வரும் வெள்ளியன்று அவர் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் தங்கள் ஆள் ஒருவராவது இந்த ஊருக்கு வந்தார் என்று சொல்ல எனக்கு வழி செய்யுங்கள் ஐயா.

நீதியை எதிர்நோக்கும்,
டோம்கே கெட்டெல்சன்

இடம்: ஹார்ம்ஸ்கோக்
நாள்: 14 அக்டோபர் 1957