பெயரைப் போட்டேன்

மார்ச் 4, 1957
பருத்தி ஆலை வாசலில் லூதர் பெட்வேயைச் சுட்டுக் கொன்றவன் ஊர்ப் போலீஸ்காரன், துணை ஷெரீப் ஹார்லன் கிரிம்ஸ். வெள்ளைக்காரப் பத்திரிகை ‘அடையாளம் தெரியாத ஆள்’ என்கிறது. ஊரே பார்த்தது. யாருக்கு அடையாளம் தெரியவில்லையாம்? கறுப்பர்களுக்காக நாங்கள் நடத்தும் பத்திரிகையில் அவன் பெயரைப் போட்டுவிட்டேன். என் கணவர் ஆம்ப்ரோஸ் அச்செழுத்துக் கோத்தபடியே, “இதோட நம்ம கதை முடிஞ்சுது, தெரியுதுல்ல?” என்றார். ஆனாலும் ஒரு வரியை மாற்றச் சொல்லவில்லை.

மார்ச் 7
லூதரின் மனைவி வெர்லீன் கடைத்தெருவில் என்னை மறித்தாள். கிரிம்ஸ் வீட்டில்தான் அவளுக்குச் சமையல் வேலை; வெள்ளையர் வாயில் எங்கள் பெண்களுக்கு ‘மிஸஸ்’ வராது, அங்கே அவள் வெறும் ‘வெர்லீன்’தான். விட்டால் பிள்ளைகள் பட்டினி.
“உன் எழுத்து அவர எழுப்பித் தருமாக்கா? நாளைக்கும் அவனுக்கு நாந்தானே முட்டை பொரிக்கணும்?”


மார்ச் 20
இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல்.
கிரிம்ஸும் ஆட்களும் பட்டப்பகலில் அச்சகத்துக்கு வந்தார்கள். முகத்தைக்கூட மூடவில்லை. ஆம்ப்ரோஸைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள், பற்கள் தெறித்தன. என் வலது கையை அச்சு இயந்திரத்துக்குள் வைத்து, கிரிம்ஸே பிடியை இழுத்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.
“இப்ப எழுதுடி.”
பிறகு மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள்.

மார்ச் 24
சீழ் பிடித்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11
சிகாகோவுக்குப் போய்விடலாம் என்கிறார் ஆம்ப்ரோஸ். போயிடலாமா? கதவு தட்டினாலே பின்வாசலுக்கு ஓடுறேன். யாருக்காக இதெல்லாம் —
எரிந்தது அச்சகம்தான், பெயர் போட்ட இதழ் முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டது. வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டுகளில் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிறார்களாம் எங்கள் பெண்கள். வடக்கே பெரிய பத்திரிகைகளும் எடுத்துப் போட்டிருக்கின்றன. வேறு வழியில்லாமல் கிரிம்ஸ் மேல் கொலை வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

மே 14
தீர்ப்புச் சொல்லும் ஜூரிகள் எல்லோரும் வெள்ளையர். வெர்லீன் கூண்டேறுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அவனை நேராகக் கைகாட்டினாள்.
“இவருதான். காலைல எங்கையால காபி குடிச்சாரு. மத்தியானம் எம் புருஷன சுட்டாரு.”
விடுதலை என்றார்கள். கிரிம்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே போனான். வெர்லீன் முகத்தில் ஒருவன் காறித் துப்பினான்.

மே 15
வெள்ளைக்காரத் தெருவுக்கு இன்று எங்கள் பெண்கள் ஒருத்திகூட வேலைக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.

மே 29
யாரும் இன்னும் திரும்பிப் போகவில்லை. வெளியூரில் அச்சடிக்கப்போகும் அடுத்த இதழுக்காக வெர்லீன் என் சமையலறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள், நான் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே அவள் வீட்டு வாசலில் கார் நின்றது. கிரிம்ஸின் மனைவி இறங்கி, பூட்டிய கதவைத் தட்டினாள்.
“மிஸஸ் பெட்வே... மிஸஸ் பெட்வே...”
வெர்லீன் என்னைப் பார்த்தாள். “யாரக் கூப்பிடுறாங்க?”
“உன்னைத்தான்.”
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
“நீ எழுதுக்கா” என்றாள்.