முதல் சிலுவை முத்தி

ஆண்டிபட்டி
2.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு மெர்லின் எழுதுவது.

இயேசுவுக்கே புகழ். போன் போட்டால் வெட்டிவிடுகிறீர்கள். கடிதமென்றால், கோயில் உபதேசியாரான நீங்கள் படிக்காமல் விடமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் விஜய்பாண்டியை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்து நாலு வருடமாகிவிட்டது. இப்போது பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இறந்துபோன அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், செலின். அவர் வீட்டில் வேறு பெயர் சொன்னார்கள். அவர்தான், "அத்த பேரே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

நம் வீட்டுக் குழந்தையை முதல் பெரிய வெள்ளியன்று அம்மாவைப் பெற்ற அப்பாதான் தூக்கிப்போய், சிலுவையின் பாதத்தை முத்தமிட வைத்து, முதல் சிலுவை முத்தி செய்விப்பார். தாத்தா என்னைத் தூக்கிப்போனபோது நான் அவர் கண்ணாடியைப் பிடுங்கிய கதையை நீங்களே நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். நம் ஊர்க் கோயிலுக்கு, வேறு மதத்தில் கட்டிய நான் வந்தால் உங்களுக்குத் தலைகுனிவு. மதுரைப் பேராலயத்துக்கு வாருங்கள். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. சிலுவைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பாப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறேன். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

உங்கள் மகள்,
மெர்லின்

*

உத்தமபாளையம்
9.4.2025

மெர்லினுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான். முழங்கால் அப்படியே இருக்கிறது. திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் நானே அடிக்கிறேன்.

உன் அம்மா பெயர் வந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மீதியைச் சாயங்காலம்தான் படிக்க முடிந்தது.

முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பெரிய வெள்ளிக்குச் சாமியாரிடம் லீவு கேட்டிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை. வருகிறேன். பிள்ளைக்குத் தொப்பி போட்டுக் கூட்டி வா, வெயில் பொல்லாதது.

அப்பா,
பங்கிராஸ்

*

ஆண்டிபட்டி
21.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பேராலயத்தில் என்ன நடந்தது? எதுவாக இருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன். உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

மெர்லின்

*

உத்தமபாளையம்
26.4.2025

அன்பு மகள் மெர்லினுக்கு அப்பா எழுதுவது.

வந்தேன் அம்மா. நம் ஊரில் பீடத்தடியில் ஒரே சிலுவைதான் இருக்கும். ஊரே வரிசையாக வந்து முழந்தாளிடும். அந்த நினைப்பில் வந்துவிட்டேன். பேராலயத்தில் கூட்டத்துக்காக நாலு சிலுவை வைத்து நாலு வரிசை விட்டிருந்தார்கள். எந்தச் சிலுவை என்று நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஏதோ ஒரு வரிசையில் போய் முத்தி செய்துவிட்டு உன்னைத் தேடினேன். கூட்டம் வெளியே தள்ளிவிட்டது. பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வருடம் எந்தச் சிலுவை என்று சரியாக எழுது. செலினுக்கு என் முத்தம்.

அப்பா,
பங்கிராஸ்

*

ஆண்டிபட்டி
3.5.2025

அப்பாவுக்கு,

நாலு சிலுவை இருந்தது உண்மைதான். எங்களுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் உங்களை முதலில் பார்த்தார். "மாமா தூண் பக்கம் வாராக, கையக் காட்டு" என்றார். காட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பாப்பாவையும் பார்த்தீர்கள். நாலைந்து அடி எங்கள் பக்கம் வந்தீர்கள். அவள் உங்களிடம் தாவினாள்.

அந்த நேரம் பார்த்து நம் ஊர் இமானுவேல் மாமா உங்கள் தோளைத் தொட்டார். "என்ன உபதேசியாரே, இங்கன வந்திருக்கீக. யாரத் தேடுறீக?"

"யாரையும் இல்ல" என்றீர்கள். அடுத்த வரிசைக்கு மாறிவிட்டீர்கள்.

எனக்குக் கேட்டது அப்பா. அதனால்தான் உள்ளதைச் சொல்லுங்கள் என்று எழுதினேன். பயந்துவிட்டேன் மகளே என்று ஒரு வரி எழுதியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பேன். நீங்கள் பயந்ததை நான் தாங்கிக்கொண்டேன். நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பாப்பாவை அவர்தான் தூக்கிப்போனார். முன்னால் போனவர்களைப் பார்த்துப் பார்த்து முழந்தாளிட்டார். அவள் வாயைச் சிலுவையின் பாதத்தில் வைத்தார். எழுந்து வந்து, "நான் தொட்டது தப்பில்லையே?" என்று என்னிடம் கேட்டார்.

மருந்தடிக்கும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் எந்தச் சிலுவை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் முத்தி ஒரு தடவைதான் அப்பா. இனி நான் எழுத மாட்டேன்.

மெர்லின்