எனக்கு வயது பதினைந்து

ஜனவரி 11, ஞாயிறு

காப்பிப் பழம் கடைசிச் சுற்று. எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் போட்டுவிட்டு டீக்கடைக்குள் நுழைந்தேன். பேச்சு நின்றது. மலையில் யார் ஊட்டில் என்ன நடந்தாலும் முதலில் எஸ்டேட் ரைட்டருக்குத்தான் தெரியும் என்று பெயர் வாங்கியவன் நான். இப்போது என் கதையை நான் இல்லாத நேரம் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாவம், அவர்களுக்கும் சிரமம்தான்.

சுதா அரூரில் அவள் அண்ணன் ஊட்டுக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, சத்தமில்லை. "ஏனுங்க, டப்பாவுல அரிசி நெறய இருக்குதுங்க" என்றாள், ஜீப் ஏறினாள். புருசனை விட்டுப் போகிறவள் பேசும் வசனமா இது?

வருத்தமா? தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் இருக்கிறது. என்னுடையதுதானா என்றுதான் சந்தேகம்.

ஜனவரி 18

சுதா மகளோடு போனில் பேசினாள். பேசி முடித்து ஹரிணி போனை என்னிடம் நீட்டினாள்.

"பத்தாவது பரிச்ச வருதுங்க. புள்ள எந்நேரமும் வீடியோவுலயே கெடக்குது போல. உங்களால கட்டுப்படுத்த முடியுமா, முடியாதா? இல்லீனா பரிச்ச முடிஞ்சதும் இங்கயே கூட்டியாந்துக்கறேன்."

ஹரிணியும் போய்விட்டால் ஊட்டில் நானும் பல்லியும்தான். பல்லியாவது அவ்வப்போது ஏதோ சொல்லும்.

ஜனவரி 20

ஏற்காடு கடைவீதியில் போன் கடை வசந்த் வழி சொன்னான். பெற்றவர் போனையும் பிள்ளை போனையும் வீடியோ ஆப்பில் சேர்த்துவிட்டால், பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் பெற்றவர் அனுமதிக்க வேண்டும். சேர்த்தாயிற்று. சுதாவுக்குச் சேதியும் அனுப்பினேன். மீசையைக்கூட ஒரு தடவை தடவிக்கொண்டேன்.

ஜனவரி 21

மத்தியானம். வெள்ளோக்கு மரத்தடியில் உட்கார்ந்து, எவனோ மீன் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் வேகுமுன் திரை மூடியது. 'இன்றைய நேரம் முடிந்தது. பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்.'

என்னைப் பெற்றவர்கள் மேலே போய் வருஷக்கணக்காகிறது. அங்கே சிக்னல் எப்படியோ.

நடந்தது இதுதான். என் போனில் இருக்கும் கணக்கை முன்பு ஹரிணிதான் திறந்து கொடுத்தாள், தன் பிறந்த தேதியைப் போட்டு. பிறகு அவளுக்கென்று தனிப் போன் வந்தபோது, வயதைக் கேட்டுத் தொல்லை பண்ணக்கூடாதென்று அம்மாவின் தேதியைப் போட்டுக்கொண்டாள். ஆப் கணக்கில் அவள் நாற்பது தாண்டிய அம்மணி. நான் பத்தாவது படிக்கும் பையன்.

வசந்த் சிரித்துச் சிரித்துக் கல்லாவில் சாய்ந்தான். "அண்ணா, நீங்க மைனருங்க! மாத்தோணும்னா உங்க கார்டியன்தான் மாத்தோணும்."

இளவட்டமாகத் திரிந்த காலத்தில் மைனர் என்று ஒரு நாதியும் கூப்பிடவில்லை.

கார்டியனிடம் கேட்டேன். "பாக்கலாமுங்கப்பா" என்றாள். நான் அவளுக்குச் சொல்கிற அதே 'பாக்கலாம்'.

பிப்ரவரி 3

கேட்டேன். கொடுக்கவில்லை.

பிப்ரவரி 8

ஹரிணி தோசையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளை எவ்வளவு நேரம் பார்த்தது என்று பெற்றவருக்குக் கணக்கு வருமாம். பழைய வாரக் கணக்கும் அதில் இருக்கிறதாம்.

"நேரம் வெக்கறதுக்கு முந்தி தெனமும் ஆறு மணி நேரமுங்கப்பா."

"உங்கம்மா போன வேதனை, சாமி."

"அம்மா இருந்தப்பவும் அதேதானுங்க. அவங்க எதிர்ல நின்னு பேசுவாங்க, நீங்க நிமிரவே மாட்டீங்க. கடவீதிக்குப் போனாத்தான் உங்களுக்கு வாய் தொறக்கும்."

தோசையைத் தின்றேன். உப்பு இருந்ததா என்று தெரியாது.

மார்ச் 22

மழை பெய்து காப்பிப் பூ பூத்திருக்கிறது. மலையே மணக்கிறது என்கிறார்கள். இருக்கும்.

ஏப்ரல் 12

பரீட்சை முடிந்தது. ஹரிணி அரூருக்குப் போகிறாள். பதினொன்றாம் வகுப்பு அங்கேயே. பையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். இங்கயே இரு கண்ணு — ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இருந்திருப்பாளோ? ஜீப்பு போயிரும் என்றேன். எவனாவது இப்படிச் சொல்வானா?

"ஆப்பை மாத்தி வுட்டுட்டுப் போகட்டுங்களா?"

"இருக்கட்டும்" என்றேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 13

ஒன்றுமில்லை.

மே 24

கோடை விழாக் கூட்டம். கொண்டை ஊசி வளைவெல்லாம் கார். டீக்கடையில் நான் போனால் இப்போது பேச்சு நிற்பதில்லை. என் கதை பழசாகிவிட்டது. பொன்னுவேல் ஊட்டுக் கல்யாணம் நின்றுபோனதுதான் புதுசு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தினமும் ஒரு மணி நேரம் முடிந்ததும் அனுமதி கேட்கிறேன். அரூரிலிருந்து சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் கேட்கிறேன்.

ஜூன் 7, ஞாயிறு

மஞ்சுமூட்டம் இறங்கி வாசல் தெரியவில்லை. கேட்டேன். அனுமதி வரவில்லை, போன் வந்தது.

"என்னங்கப்பா, இன்னும் பாக்கோணுமாக்கும்?"

"கொஞ்ச நேரம் போதும் சாமி."

பின்னால் சுதாவின் குரல். "ஆருடி?"

"அப்பாங்கம்மா. வீடியோ பாக்க நேரம் குடுன்னு கேக்கறாரு."

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"குடுக்காத. போனை இங்க கொண்டா."

போன் சுதாவின் கைக்கு மாறியது. ஊரையே சிரிக்க வைக்கிற வாய் இது. மிளகுக்கொடி பூ விட்டிருக்குது என்றேன்.

"அப்பறம்?" என்றாள்.

பின்பக்கத்துக் கொய்யாவைக் காட்டெருமை முறித்துப் போட்டதைச் சொன்னேன்.

"அப்பறம்?"

அப்புறம் என்ன இருக்கிறது என்று தேடினேன். நேரமானது. அவள் போனை வைக்கவில்லை.